நத்தார் பாட்டு என்று நான் பாடியது

மச்சாள் எஸ்தர் கையைப் பிடித்து இழுத்ததால்தான் இன்று பின்னேரம் இங்கத்தைய வெள்ளைக்காரரின் மவுண்ட் வெல்லிங்டன் நாட்டுப்பாட்டு கிளப்புக்குப் போனேன். என் மனுசனை, எஸ்தரின் அண்ணனை, அடக்கம் செய்த பிறகு நான் பாடியதே இல்லை. ஒரு மூலையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

நத்தார் என்பதால் அங்கே ஆளுக்கொரு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வேண்டுமாம். என் முறையும் வந்தது. பயத்தில் எல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்தது ஒரே ஒரு பாட்டு, அவரை அடக்கம் செய்தபோது பாடியது.

வெள்ளைக்காரர் எல்லாரும் கைதட்டித் தாளம் போட்டார்கள். கிட்டார்க்காரர் அர்த்தம் கேட்டார்.

"பாலன் பிறந்தார் எண்டு சொல்லுங்கோ மச்சாள்" என்றேன்.

எஸ்தர் அப்படியே இங்கிலிசில் சொல்லிவிட்டு என் காதுக்குள் சீறினாள். "அண்ணையைப் புதைக்கேக்க பாடினதெல்லோ இது!"

"ஓம், தெரியும். இப்ப சொன்னா அதுகளின்ர முகம் செத்துப்போம். பேசாம இருங்கோ."

அவர்கள் பல்லவியைக் கேட்டுக் கேட்டுப் பழகி, காலால் தட்டித் தட்டிப் பாடினார்கள். கசெட்டிலும் பதிந்தார்கள். வெட்கத்தில், தந்த கேக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். அவரை வைத்தா பொய் சொன்னேன்?

அடக்கத்தன்று இந்தப் பாட்டுத் தெரிந்தவர்கள் நானும் எஸ்தரும் மட்டும்தான். அழுகை வந்து பாதியில் விட்டுவிட்டோம். இன்றைக்கு ஒரு மண்டபமே என்னோடு சேர்ந்து அதைக் கடைசிவரை பாடியது.

அடுத்த நத்தாருக்கும் இதே பாட்டுத்தான் வேண்டுமாம். போய் உண்மையைச் சொல்லவா, இல்லை வாயை மூடிக்கொண்டு இன்னொரு தரம் பாடவா? நீங்களே சொல்லுங்கள்.