வாங்கள் ஒன்று, போங்கள் ஒன்று

எனக்கு இப்போது எண்பத்திரண்டு வயது நடக்கிறது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றது. மூத்தவள் மட்டும் நான் பெறாதவள். அவள் என் நாத்தனார். நான் கல்யாணமாகி விருத்தாசலம் வந்தபோது அவளுக்கு எட்டு வயது. தலை நிறையப் பேன், கையில் உடைந்த சிலேட்டு. பேன் பார்த்து, சோறு போட்டு, பத்தாவது வரைக்கும் படிக்க வைத்தவள் நான். இதை யார் வந்து கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொல்வதென்றால் முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும்.

எழுபது, எழுபத்தொன்று இருக்கும். அதுவரை ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். என் சங்கிலியைப் போட்டுத்தான் சொந்த வீடு வாங்கினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சந்து முனையில், நாட்டு ஓடு போட்ட பழைய வீடு. எங்களுக்கு முன்னால் அதில் மனிதர்கள் யாரும் குடியிருக்கவில்லை, மல்லாட்டை மூட்டைகள்தான், வேர்க்கடலையைச் சொல்கிறேன், குடியிருந்தன. மூட்டையைக் காலி செய்தார்களே தவிர, எலியைக் காலி செய்யவில்லை. எங்கே பெருக்கினாலும் மல்லாட்டை வரும். முதல் மழைக்குக் கூடத்து மூலையில், சுவரும் தரையும் சேருகிற இடத்தில், நாலு செடி பச்சைப் பசேல் என்று முளைத்து நின்றது.

"வெதைக்காமலே வெள்ளாமை வுட்டுருக்குது பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

என் மாமியார் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வீட்டைக் கண்டாலே ஆகாது. வாடகை வீட்டில் இருந்தபோது பக்கத்துப் பெண்களோடு பேச்சு ஓடும். இங்கே பேச எலிதான் இருந்தது.

வாங்கியதோடு கை காலி. வீட்டைச் சீர் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். சூளையில் சாமான் அடுக்குவது, வெந்ததும் இறக்குவது. இறக்கும்போது கோணினது, விரிந்தது, சாயம் வழிந்தது எல்லாம் தனியே கழித்துப் போடுவார்கள். அதை எங்கள் ஊரில் செகண்ட்ஸ் என்போம். எங்கள் வீடு முழுக்க செகண்ட்ஸ்தான். துணி மாட்ட ஆணி வாங்கவில்லை. கழித்த ஃபியூஸ் கட்டைகளைச் சுவரில் பதித்தோம். வீட்டில் கரண்டு கிடையாது, ஃபியூஸ் மட்டும் இருபது இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சட்டை தொங்கியது. காது இல்லாத கப்புகளில் உப்பும் புளியும் வைத்தேன். உடைந்த சாசர்களைக் குளிக்கிற இடத்துத் தரையில் சிமெண்டு வைத்து ஒட்டினேன். பூப்போட்ட பக்கம் மேலே வருகிற மாதிரி நானே உட்கார்ந்து ஒட்டினது. பார்த்தவர்கள் சாப்பிட உட்காரலாம் போலிருக்கிறது என்றார்கள்.

சுண்ணாம்பு அடிக்கும்போது கொஞ்சம் நீலம் கலந்தால் வெள்ளை எடுப்பாக இருக்கும் என்பார்கள். கொஞ்சம் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. காய்ந்ததும் வெளிச்சுவர் மயில் கழுத்து நிறத்தில் நின்றது.

"ஏண்டி, வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சியா, கிருஷ்ணன் வேஷம் கட்டுனியா?" என்று மாமியார் கேட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை கக்கூசுக்கு. விளிம்பில் விரிசல் விட்ட ஒரு பீங்கான் தொட்டியை என் வீட்டுக்காரர் கொண்டுவந்து, விரிசலைச் சிமெண்டால் அடைத்து, பின்பக்கம் நாலு சுவர் எழுப்பி, கதவும் போட்டார். அந்தக் காலத்தில் எங்கள் சந்தில் அது ஒன்றுதான். நான் பெருமையில் பூரித்துப் போனேன். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"காப்பி குடிக்கிறதும் பீங்கானு, அதுக்கும் பீங்கானா? நான் மாட்டேண்டியம்மா" என்று சொல்லிவிட்டு, தினமும் விடிகாலையில் சொம்பை எடுத்துக்கொண்டு மணிமுத்தாற்றுப் பக்கம் போய்வந்தார்.

இந்த நிலைமையில்தான் திட்டக்குடியிலிருந்து நாத்தனாருக்கு வரன் வந்தது. பையன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பெண் பார்க்க வருகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். மாமியார் என்னையும் அவர் மகனையும் கூடத்தில் நிற்க வைத்துச் சொன்னார்.

"வரவங்க இந்த வூட்டைப் பாத்து மொகம் சுளிச்சாங்கன்னு வையி, அடுத்த மாசமே இதை வித்துட்டு வாடகை வூட்டுக்குப் போயிடணும். எம் பொண்ணு வாழ்க்கை உங்க எலிப்பொந்தால கெடக் கூடாது."

என் வீட்டுக்காரர் தாய் சொல்லைத் தட்ட மாட்டார். தலையை ஆட்டிவிட்டார். சங்கிலி போனது போகட்டும்; என் கையால் ஒட்டின சாசர் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

பெண் பார்க்க வருகிற நாளன்று காலையில் வெற்றிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். வழியில் சாக்கு விரித்து செகண்ட்ஸ் விற்கிறவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இரண்டு பலகை. முட்டை வடிவத்தில் வெள்ளைப் பீங்கான். சுற்றிலும் ரோஜாக் கொடி, நடுவில் நீல எழுத்து. நீலம் கொஞ்சம் வழிந்திருந்தது, ஆனால் அழகென்றால் அப்படி ஓர் அழகு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் கல்யாணம் பேசும்போது, பெண் அஞ்சாவது படித்திருக்கிறாள் என்று என் அப்பா சொல்லியிருந்தார். நான் படித்தது ரெண்டாவது. அதிலும் மழைக்காலத்தில் போகவில்லை. கையெழுத்துப் போடுவேன். சில எழுத்துகள் முகம் தெரியும், பேர் தெரியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பலகையைக் கையில் வாங்கி, படித்தவள் மாதிரியே பார்த்தேன். இரண்டிலும் கடைசி மூன்று எழுத்தும் ஒன்றாக இருந்தன. முதல் எழுத்துதான் வேறு. ஒன்றில் கொம்பும் பானாவும் தெரிந்தது. கொம்பு போட்ட பானா என்றால் 'போ'. அப்போது இது 'போங்கள்'. ஜோடியாக இருப்பதால் மற்றது 'வாங்கள்' ஆகத்தானே இருக்க வேண்டும்?

"வாசலுக்கு மாட்டுறதுதானே?" என்று விவரமாகக் கேட்டேன்.

"வாசலுக்கேதாம்மா. இதைப் பாத்தா யாரும் தெருவுல நிக்க மாட்டாங்க. நேரா உள்ள போயிடுவாங்க."

சம்பந்திகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டையும் வாங்கிவந்தேன். வாங்களை முன்வாசலுக்கு மேலே மாட்டினேன். போங்களை முன்னால் மாட்டினால் எந்தச் சம்பந்தி நிற்பான்? அதைச் சந்துப் பக்கத்துக் கதவுக்கு மேலே மாட்டினேன். அந்த வழியாக ஆடு வந்து கொல்லைச் செடியை மேயும். ஆட்டுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கும் தெரியும், ஆட்டுக்காரனுக்குப் படிக்கத் தெரியுமே.

நான் மாட்டுவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் வருகிறவர்களை அழைக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். நாத்தனார் உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தாள். மாமியாருக்கு எழுத்தே தெரியாது, என் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரிகிற வயசு இல்லை. ஆகவே பலகையைப் பார்த்து வாய் திறக்க வீட்டில் ஆளில்லை.

மூன்று மணி இருக்கும். குடையும் தோல்பையுமாக ஒரு பெரியவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்.

"வாங்க, வாங்க. மத்தவங்க எங்க?" என்றேன்.

"நான் மட்டுந்தாங்க."

"பின்னால வராங்களா? சரி, ஒக்காருங்க."

"ஒக்கார வேணாங்க. எந்தப் பக்கம்?"

"நமக்குள்ள என்ன அந்தப் பக்கம், இந்தப் பக்கம்? பாயிலேயே ஒக்காருங்க."

அவர் பாதி உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். அதை விளக்கெண்ணெயைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"கொஞ்சம் அவசரங்கம்மா."

"அவசரப்பட்டா ஆவுமா? பொண்ணு ஜோடிச்சிக்கிட்டு இருக்குது. நல்ல நேரத்துலதான் வெளிய வரும்."

"பொண்ணா?"

"நான் வளத்த பொண்ணுதான். கூச்சப்படாதீங்க, கேசரி சாப்புடுங்க."

பாவம், நல்ல மனுஷர். கேசரித் தட்டை வைத்த பிறகு எழுந்து போக அவருக்கு வரவில்லை. கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு சாப்பிட்டார்.

அதற்குள் தெருவில் பேச்சுச் சத்தம். என் வீட்டுக்காரர் நீலச் சுவரைக் கை காட்டிவிட்டு சோடா வாங்கக் கடையில் நின்றுவிட்டார். முன்னால் நாலு ஆண்கள், பின்னால் ஐந்து பெண்கள். ஆண்கள் வாசலை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்து, பாயில் இருந்த பெரியவருக்குக் கும்பிடு போட்டு உட்கார்ந்தார்கள். பெண் வீட்டுப் பெரியவர் என்று நினைத்திருக்கிறார்கள். பெண்கள் மட்டும் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் நல்ல ஆகிருதி. இரண்டு பக்கமும் மூக்குத்தி. அவரும் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"வாங்க, உள்ள வாங்க" என்றேன்.

"இருக்கட்டும்மா. எங்களுக்கு அந்தப் பக்கம் போட்டிருக்குது" என்று சந்தைக் காட்டிவிட்டு நடந்தார். மற்ற நாலு பேரும் பின்னாலேயே போனார்கள்.

அந்தப் பக்கம் மாட்டியிருப்பது 'போங்கள்' ஆயிற்றே. கூடத்தைத் தாண்டிப் பின்பக்கம் ஓடினேன். எதிரே மாமியார்.

"எங்கடி பொம்பளைங்க?"

"சந்து வழியா வராங்க அத்தை. அவங்க வழக்கம் அப்படியாம்."

"அப்படியா? நம்மளும் மரியாதை கொறையாம நடந்துக்கணும்" என்று அவர் முன்வாசல் வழியாக இறங்கி, சந்தைச் சுற்றிக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

போங்கள் என்று எழுதியிருந்தும், அந்தப் பெண்கள் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் தாயார் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை கக்கூஸ் கதவில் நின்றது.

"அதுதானா?" என்றார்.

தலையை ஆட்டினேன். புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மற்ற நாலு பேரும் வரிசையாக நின்றார்கள்.

மாமியார் என் தோளைக் கிள்ளினார். "சம்பந்தி வூட்டுக்காரங்களை எங்க கொண்டாந்து நிக்க வச்சிருக்குற பாரு. போச்சு. வூட்டை விக்க ஆள் பாக்கச் சொல்லு."

அப்போது என் வீட்டுக்காரர் சோடா பாட்டில்களோடு வந்து, அடுப்படிக்குள் என்னைக் கூப்பிட்டார்.

"முன்னால என்ன மாட்டி வச்சிருக்குற?"

"வாங்கள்."

"யாரு சொன்னா?"

"நானே படிச்சேன்."

அவர் சோடா பாட்டில்களைக் கீழே வைத்தார். "புள்ள, அது 'ஆண்கள்'. சந்துப் பக்கம் இருக்குறது 'பெண்கள்'. ஏதோ ஒரு சினிமாக் கொட்டாய் கக்கூசுக்கு ஆர்டர் எடுத்தது. நீலம் வழிஞ்சிடுச்சின்னு கழிச்சோம். சூளையிலேர்ந்து எறக்குனதே நாந்தான்."

அடுத்த நொடி வேறொன்று நினைவு வந்தது.

"அப்ப, அந்த மாமன்?"

"எந்த மாமன்?"

இரண்டு பேரும் கூடத்தை எட்டிப் பார்த்தோம். அவர் இரண்டாவது தட்டுக் கேசரியில் இருந்தார். முகம் எங்கள் சுவர் நிறத்துக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, கொல்லையில் பெண்கள் வரிசை நின்றதால் முன்பக்கமாகவே வேலி ஓரத்துக்கு அழைத்துப் போனார். போகும்போதும் அந்த மனுஷர் திரும்பி, "கேசரி நல்லா இருந்துச்சிங்க" என்றார்.

கொல்லையில் கதவு திறந்தது. மாப்பிள்ளையின் தாயார் முகம் கழுவி, பூப்போட்ட தரையில் நின்று, முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"திட்டக்குடியில பஸ்ஸு ஏறுனதிலேர்ந்து அடக்கிக்கிட்டு வந்தேன்" என்றார். "இதுக்கு முன்னால நாலு வூட்டுல பொண்ணு பாத்தோம். நாலு வூட்டுலயும் பஜ்ஜி வச்சாங்க, சொஜ்ஜி வச்சாங்க. வந்த பொம்பளைங்க எங்க போவாங்கன்னு ஒருத்தராவது நெனைச்சாங்களா? நீங்க எடமும் கட்டி, கேக்கக் கூச்சப்படுவாங்கன்னு போர்டும் மாட்டி வச்சிருக்கீங்க. படிச்ச குடும்பம்னா இதுதான். இந்த யோசனை யாருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மாமியார் முன்னால் வந்துவிட்டார்.

"நாந்தாங்க கட்டச் சொன்னேன். பீங்கான்லதான் போடணும்னு நின்னு போட்டேன்."

என் வீட்டுக்காரர் சோடாவை உடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

நாத்தனாரைப் பார்த்தார்கள், பிடித்துப்போனது, வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். புறப்படும்போது அந்தம்மாள் பலகை இரண்டையும் கேட்டு வாங்கி, பையில் போட்டுக்கொண்டு போனார். திட்டக்குடியில் அவர்களும் ஒன்று கட்டப் போகிறார்களாம்.

அன்றைக்கும் சரி, பிறகும் சரி, என் வீட்டுக்காரர் அந்த வாங்களைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "எத்தனாவது?" என்று கேட்டார். "ரெண்டாவது" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

வீட்டை விற்கிற பேச்சை மாமியார் அதோடு விட்டுவிட்டார். மறுநாள் விடிகாலையில் சொம்புச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். சொம்பு ஆற்றுப் பக்கம் போகவில்லை, கொல்லைப் பக்கம் போயிற்று. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"என்னடி பாக்குற? நான் கட்டச் சொன்னதுதானே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிள்ளைகள் படிக்கிற காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் போர்டையும் கடை போர்டையும் பார்த்துப் பார்த்து, நானும் எழுத்துகளின் பேரைத் தெரிந்துகொண்டேன். இதைப் பத்து நாளாக என் கையாலேயே எழுதினேன். கொம்பு எங்கே, கால் எங்கே என்பதில் இன்னும் சந்தேகம் உண்டு. அம்மாடி, பேத்தி, இங்கே வந்து உட்கார். முதலிலிருந்து உரக்கப் படி. நான் எழுதினதுதான் இதில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன்.