எறையூர் கரும்பு வயலில் ஒரு தாராளவாதி

போன மாதம் (பிப்ரவரி 2007) ஒரு சனிக்கிழமை, நானும் மகள் கயலும் திருச்சியிலிருந்து எறையூர் போய் வந்தோம். அவள் எம்.ஃபில். பொருளாதாரம், நான் பத்தாம் வகுப்பை இரண்டாவது முயற்சியில் தாண்டியவன். ஐந்தாண்டுத் திட்டங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், "லைசென்ஸ் வேண்டாம், விலையைச் சந்தையிடம் விடுங்கள்" என்று எழுதி, சக பேராசிரியர்களிடம் 'முதலாளிகளின் கையாள்' என்று திட்டு வாங்கிய சில பொருளாதார அறிஞர்களின் வரலாறுதான் அவள் ஆய்வு. அவர்களில் ஒருவரையாவது நேரில் பேட்டி எடுக்காவிட்டால் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டார் கைடு. கிடைத்தவர், ரிட்டையராகி எறையூரில் விவசாயம் பார்க்கும் வசந்தா மேடம். மூன்று முறை மறுத்து, நான்காம் முறை "வாங்க, பார்ப்போம்" என்றார்.

காலை 6.40 பஸ். பெரம்பலூரில் 8 மணி. டிக்கெட் பதினெட்டு ரூபாய். இட்லி முடித்து 8.35 டவுன் பஸ், ஆறு ரூபாய். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்ததில் சுமார் இருபது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்.

மேடம் வீட்டில் காபி வந்தது, பேட்டி வரவில்லை. "எல்லாம் எழுதியாச்சும்மா, படிச்சுக்க" என்று வயலைக் காட்டக் கூட்டிப்போனார் மேடம். வெட்டும் பருவம் தாண்டி, கரும்பு பூத்து நின்றது.

"இன்னும் வெட்டலீங்களா?" என்றேன்.

"ஆலையிலேர்ந்து கட்டிங் ஆர்டர் வரலீங்க."

இந்த வட்டாரக் கரும்பு இந்த ஆலைக்குத்தான் போக வேண்டுமாம்; ஆலையும் அரசு வைத்த விலைக்கு அதை வாங்கியே ஆக வேண்டுமாம். வெட்டும் நாளையும் ஆலைதான் சொல்லுமாம். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பர்மிட்டே வேணாம்னு எழுதினவங்க இப்ப பர்மிட்டுக்கு நிக்கிறீங்களே மேடம்!"

கயல் என் காலை மிதித்தாள். மேடத்தின் முகம் மாறியது. மகளின் அத்தியாயத்தைக் கெடுத்த புண்ணியம் நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"நிக்கிறது மட்டுமில்லீங்க. இந்த ஏற்பாட்ட எடுத்துறாதீங்கன்னு விவசாயிங்க அரசாங்கத்துக்கு மனு குடுத்தோம். மொதக் கையெழுத்து என்னுது. அதான் பேட்டி வேணாம்னேன்."

கயல் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இதை எழுதலாமா மேடம்?"

மேடம் ஒரு கரும்பின் காய்ந்த சோகையை உரித்துப் போட்டார்.

"எழுது. பேரோடயே எழுது. ஏன் போட்டேன்னும் எழுதணும். வெட்டுன கரும்பு காயக் காய எடை போயிரும். ரெண்டு நாள் வச்சிருந்து பேரம் பேச எங்களால முடியாது. காத்திருக்க முடியாதவனுக்குச் சந்தை என்ன செய்யும்னு எங்க பொருளாதார ஆளுங்க ஒருத்தரும் எழுதல. நானும் எழுதல." பிறகு என்னைப் பார்த்தார். "அப்பா எந்தக் காலேஜும்மா?"

"காலேஜ் பக்கமே போகல மேடம்" என்றேன்.

"அதான் கேட்டுப்புட்டாரு."

மதியம் இரண்டு வரை பேசினார். கயல் இருபது பக்கம் எழுதினாள். நான் ஒரு முழுக் கரும்பைத் தின்று தீர்த்தேன்.

வெட்டு நடக்கும் மாதங்களில் போகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மதியத்தில் டவுன் பஸ் குறைவு. எங்கள் இருவருக்கும் போக வர பஸ் செலவு தொண்ணூற்றாறு ரூபாய். யாரையாவது பேட்டி காணப் போனால், நாற்காலியில் உட்கார்ந்துவிடாமல் அவர்கள் வயலில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.

திங்கட்கிழமை கைடு படித்தாராம். அத்தியாயத்தை எடுக்கச் சொல்லவில்லை, முதலில் போடச் சொல்லிவிட்டார்.