இரண்டு மில்லிமீற்றர்

எங்கள் வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். அக்கா தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் அச்சுவேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். போன பங்குனியில், கிணற்றடி மோட்டரிலிருந்து தண்ணீர்த் தாங்கிக்குப் போகும் பைப் வெடித்துவிட்டது. பைப் வேலை செய்பவர் நாளைக்கு வாறன், நாளைக்கு வாறன் என்று ஒரு கிழமையை ஓட்டினார். பொறுமை போய், நானே பூட்டுவது என்று இறங்கினேன்.

தோட்டத்துக்கு வாங்கி மிஞ்சிய கறுப்புப் பைப் சுருள் ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் இரண்டு முனைக்கும் பித்தளை ஜொயின்ற்றும், பைப்பின் வாய்க்குள் செருகும் இன்சேட் என்ற சின்னக் குழலும் வேண்டும். அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்து ஹாட்வெயார் கடைக்குப் போனேன்.

"பைப் துண்டு கொண்டு வந்தனீங்களோ ரீச்சர்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லை அண்ணை. வெளியளவு இருபத்தைஞ்சு மில்லிமீற்றர். அளந்து பாத்தனான்."

"ஜொயின்ற்றுக்கு அது காணும். இன்சேட்டுக்கு உள்ளளவு வேணும். ஒரே வெளியளவிலை தடிச்ச பைப்பும் இருக்கு, மெல்லிசும் இருக்கு."

எனக்கு அவசரம். "வழக்கமா எல்லாரும் வாங்கிறதைத் தாங்கோ" என்றேன்.

அவர் இரண்டை எடுத்துத் தந்தார். "இறுக்கமாப் போகவேணும். ஆடினால் பூட்டாதேங்கோ, கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன்."

வீட்டில் செருகிப் பார்த்தேன். ஆடியது. பைப்பைக் குலுக்கினால் உள்ளே கிலுகிலு என்று சத்தம் கேட்டது. திரும்பவும் அச்சுவேலிக்குப் போக அலுப்பாக இருந்தது. ஜொயின்ற்றின் நட்டை இறுக்கினால் சரிவரும் என்று நினைத்து ஸ்பனரால் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். மோட்டரைப் போட்டபோது ஒரு சொட்டும் கசியவில்லை. அக்கா வந்து பார்த்து, "கெட்டிக்காரி" என்றாள்.

நாலாம் நாள் சனிக்கிழமை. நல்ல வெயில். நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். படார் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். மோட்டர்ப் பக்கத்து ஜொயின்ற்றிலிருந்து பைப் கழன்று போய்க் கிடந்தது. தண்ணீர் சீறிக்கொண்டு நேரே தூணில் இருந்த மோட்டர்ச் சுவிச்சில் அடித்தது. அக்கா வெறுங்காலோடு, ஈரக் கையை நீட்டிக்கொண்டு, அதை நிறுத்தப் போனாள்.

"அக்கா, தொடாதை!"

அவள் தொட்டுவிட்டாள். உடம்பு ஒருதரம் உதறியது. அப்படியே பின்பக்கமாக விழுந்தாள். அந்தக் கணத்திலேயே வீட்டுக்குள், மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை வெட்டும் ட்ரிப் சுவிச் விழுந்து மோட்டர் நின்றது.

நான் ஓடவில்லை. ஓடினேன் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் குசினி வாசலில் அப்படியே நின்றேன். செத்துவிட்டாள் என்ற ஒரே நினைப்பு. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கிட்டப் போனபோது அக்கா சேற்றில் எழும்பி இருந்து, ஒரு கையால் மறு கை மணிக்கட்டைப் பிடித்துத் தன் நாடியைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா..."

"கதையாதை. எண்ணிறன்."

என் கையில் கத்தி இன்னும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பதிவெடுத்து, ஒரு நாள் வைத்திருந்து, பயமில்லை என்று அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை பைப்பில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தார். "இது மெல்லிசு. உள்ளளவு இருபது. நீங்கள் கொண்டு போனது பதினெட்டுக்கு உரியது. ஜொயின்ற்றின்ரை வளையம் வெளியிலை நெரிக்கேக்கை உள்ளுக்குத் தாங்க ஒண்டும் இல்லை. வெயிலுக்குப் பைப் இளகினவுடனை நழுவியிட்டுது."

இரண்டு மில்லிமீற்றர். பிள்ளைகளின் கொப்பியில் அந்தளவு பிழைக்கு நான் அரைப் புள்ளிகூடக் குறைப்பதில்லை. கடைக்காரர் வேறு இன்சேட் எடுத்து, அந்தத் துண்டில் வைத்து, உள்ளங்கையால் தட்டி இறக்கிக் காட்டினார். விளிம்பு பைப் வாயில் வந்து படிந்தது. இழுத்தேன், வரவில்லை. கடையில் ஆட்கள் நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னேரம் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, அது ஆடினது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பூட்டினனான்."

அவள் அதுவரை பைப்பில்தான் பிழை என்று நினைத்திருந்தாள்.

"நான் செத்திருந்தால் இதை ஆருக்காவது சொல்லியிருப்பியோ?"

நான் எழும்பிப் போய் ஸ்பனரை எடுத்தேன்.

இரண்டு முனைக்கும் புதிய இன்சேட் போட்டுப் பூட்டினேன். மின்சார வேலை செய்பவர் வந்து சுவிச்சைக் குசினிக்குள் மாற்றிவைத்தார். அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் பள்ளிக்கூடத்துக்குச் சீலை உடுத்திக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"தாங்கி நிரம்பி வழியுது. வந்து நிப்பாட்டு."