சிவப்புக் கொடி மலையில் பறித்த வல்லாரை

லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் மருந்தடிக்கிற ஆளாக இருந்தேன். தேயிலையில் கொப்புள நோய் பரவிய காலம். செம்பு மருந்தைத் தண்ணீரில் கலக்கி, முதுகில் சுமந்து, நிரை நிரையாகத் தெளிப்பது என் வேலை. தெளித்த மலையில் சிவப்புக் கொடி ஒன்றை நட்டுவிட்டு வர வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து வந்த ஆராய்ச்சி ஐயா அதற்குக் காரணம் சொன்னார். கொடி நிற்கும் நாட்களில் கொழுந்து பறிக்கக் கூடாது; சீமையில் தேநீர் குடிப்பவர் வயிற்றுக்குள் மருந்து போய்விடுமாம். செடியடியில் முளைக்கும் கீரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மனிதர் மேல் கோபமில்லை என்று சொன்னால் அது பொய்.

கொடி நட்ட மலையில் கங்காணி இருக்க மாட்டார், விரட்ட ஆளில்லை. வல்லாரை பறிக்க அதைவிட நல்ல இடம் ஏது? கொடி கொழுந்துக்குத்தான், கீரைக்கு இல்லை என்றே லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லோரும் நினைத்தோம். நாள் முழுக்க அந்த மருந்தில் நனைந்த நானும்தான்.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். உடம்பு தேறட்டும் என்று அந்த மலையில் பறித்த வல்லாரையைப் பச்சையாக அரைத்து, சாறு பிழிந்து, காலையில் வெறும் வயிற்றில் குடித்துவந்தாள். மூன்றாம் நாள் வாந்தி பிடித்துக்கொண்டது. கூடையில் மிஞ்சியிருந்த இலையைப் புரட்டிப் பார்த்தேன். நரம்போரம் நீலம் படிந்திருந்தது. நான் தெளித்த மருந்துதான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் ஐயா அவளிடம் என்ன குடித்தாய் என்று கேட்டார். வல்லாரை என்றாள். பச்சிலை வைத்தியம் பார்த்தால் இப்படித்தான் என்று ஏசிக்கொண்டே புத்தகத்தில் எழுதினார். நான் வாசலில் நின்றேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும், குடியிருக்கிற காம்பராவும் போகும்; பிரஜாவுரிமை பறிபோய், எந்த நாட்டுப் பிரஜை என்றே தெரியாதவன் எங்கே போவது? என் வாயில் கொழுக்கட்டை.

பிள்ளை தங்கவில்லை. அடுத்த வாரம், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டில் உத்தரவு வாசித்தார்கள்: இனி லயத்தில் யாரும் பச்சிலை மருந்து அரைக்கக் கூடாது. பெண்கள் திரும்பி என் மனைவியைப் பார்த்தார்கள். மறுநாளும் நான் போய் மருந்தடித்தேன்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "எம் புள்ளய நானே கொன்னுட்டேங்க."

"விதி, விடு புள்ள," என்றேன்.

சாகிறவரைக்கும் அவள் அப்படியே நம்பினாள். நான் நம்ப விட்டேன்.