பம்பர் அடித்தால் எனக்கு ஒரு வீடு

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் களியக்காவிளை வந்துவிடும். அதைத் தாண்டினால் கேரளம். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்கக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை தொங்கும். மார்த்தாண்டம் வட்டாரத்தில் ஓணம் வந்துவிட்டால் அத்தப்பூ போடுகிறவர்களைவிட பம்பர் சீட்டு வாங்க பஸ் ஏறுகிறவர்கள்தான் அதிகம் என்று தோன்றும். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். பாதி ஆயுளை கல்ஃபில் கழித்துவிட்டு வந்து, இப்போது கொஞ்சம் ரப்பர் மரமும் முழங்கால் வலியுமாக வீட்டில் இருக்கிறார். மீன்காரியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற மனிதர், ஓணத்துக்கு மட்டும் யோசிக்காமல் ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு வாங்கிவிடுவார்.

சீட்டு வீட்டுக்கு வந்ததும் வேதபுத்தகத்துக்குள் போகும். லாட்டரி பாவம் என்று எங்கள் போதகர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரசங்கத்தில் சொல்லிவிடுவார். இவர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அடித்தால் பத்தில் ஒரு பங்கு சபைக்கு என்று முன்கூட்டியே நேர்ந்துகொண்டார். ஆண்டவரையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டால் பிறகு யார் வந்து கேள்வி கேட்பது? அந்த நாட்களில் குடும்ப ஜெபத்தில் "உமக்குச் சித்தமானால்" என்ற வார்த்தையை மட்டும் நன்றாக இழுத்துச் சொல்வார். எதைப் பற்றிய சித்தம் என்று எனக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரிந்திருக்கும்.

சீட்டு வாங்கிய நாளிலிருந்து குலுக்கல் வரைக்கும் சாயங்காலம் தேயிலை குடிக்கும்போது பணத்தைச் செலவழிப்பார். நான் மேசையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டோ, மீனுக்கு மசால் சேர்த்துக்கொண்டோ இருப்பேன். முதலில் சபையாருக்கு ஒரு அசன விருந்து; அதுவும் சாம்பாரும் கூட்டும் இல்லை, ஆட்டிறைச்சி. பிறகு கோயில் கோபுரத்தில் மணிக்கூண்டு. தம்பியின் ஒழுகுகிற வீட்டுக்குக் கான்கிரீட். தங்கை மகனுக்கு கனடா. எங்கள் வீட்டுக்கு மாடி, ஒரு பெரிய கார். அதை ஓட்ட யாரை வைப்பது என்பதுவரைக்கும் யோசித்துவைத்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே கல்லறை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு வீட்டைப் போலவே கல்லறையும் நாலுபேர் பார்க்க இருக்க வேண்டும். சபையின் கல்லறைத் தோட்டத்தில் என் மாமியார் வெறும் சிமென்ட்டுக்குக் கீழே கிடக்கிறார் என்பது இவருக்குப் பெரிய குறை. கறுப்பு கிரானைட்டில் குடும்பக் கல்லறை, அதற்கு ஒரு வளைவு, அதன்மேல் சிலுவை.

"அம்மை நடுவுல. வலப்பக்கம் நான், எடப்பக்கம் நீ," என்பார்.

"செத்த பெறவும் நான் அவியளுக்குப் பக்கத்துலதானா கெடக்கணும்?" என்று ஒரு தடவை கேட்டேன். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் தமாஷ் செய்யவில்லை.

இத்தனை பேருக்கும் கொடுத்த பிறகு, தேயிலையின் கடைசி மடக்கில், "ஒனக்கு ஒரு செயின், கேட்டியா, நல்ல கனத்துல," என்று முடிப்பார். வருஷத்துக்கு வருஷம் அந்தச் செயினின் கனம் மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுத்தைத் தவிர இவளிடம் வேறு எதுவும் இல்லை என்று எப்படி முடிவுசெய்தார்?

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அதனாலேயே என்னால் ஒருவரிடமும் குறை சொல்ல முடிந்ததில்லை. அவர் கல்ஃபில் இருந்த காலமெல்லாம் டிராஃப்ட் அவருடைய அம்மை பேருக்குத்தான் வந்தது. அலமாரிச் சாவி அம்மையின் இடுப்பில் இருந்தது. எனக்கு சோப்பு வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நானும் மகளும் படுத்த அறையில் உள்ளே தாழ்ப்பாள் இல்லை; போட்டுத்தர யாருக்கும் தோன்றவில்லை. மாமியார், நாத்தனார், நெல் அளக்க வருகிறவள், யார் வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு வருவார்கள். நான் சேலை மாற்றுவதற்குக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நிற்பேன். மாமியார் போன பிறகு சாவி என் கைக்கு வரும் என்று பார்த்தேன். அதற்குள் இவர் ஊருக்கு வந்துவிட்டார், சாவி அவர் இடுப்புக்குப் போயிற்று.

போன ஓணத்தில் பரிசுப்பணம் இவருடைய ஆசைகளைவிடப் பெரிதாக இருந்தது. மணிக்கூண்டு கட்டி, கனடாவுக்கு அனுப்பி, கிரானைட் பதித்த பிறகும் பணம் மீந்தது. வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இன்னியும் கெடக்கு. ஒனக்கு என்ன வேணும், சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் யோசிக்கவே இல்லை. பதில் பல வருஷமாகத் தயாராக இருந்தது.

"நாகர்கோவில்ல ஒரு சின்ன வீடு."

"வாடகைக்கு விடவா? நல்ல யோசனதான்."

"வாடகைக்கு இல்ல. இருக்கியதுக்கு."

"ரெண்டுபேரும் அங்க போய் கெடந்தா ரப்பர ஆரு பாக்க?"

"ரெண்டுபேரும் இல்ல. நான் மட்டும்."

முதலில் சிரித்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்தார். "ஊருகாரன் என்ன சொல்லுவான்?" என்றார். "இது ஒனக்கு ஆரு சொல்லித்தந்தது?" என்றார். உடனே பெங்களூரில் இருக்கிற மகளுக்கு ஃபோன் போட்டு, "ஒனக்க அம்மை தனியாட்டு போறாளாம்," என்றார். ஸ்பீக்கரில் அவள் சிரிப்பது கேட்டது.

"அப்பா, அடிக்காத சீட்டுக்கு எதுக்கு சண்டை? அம்மா ஆசைக்குச் சொல்லிட்டுப் போறா."

அவளாவது ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். இவர் அன்றைக்கு மீன்குழம்பைத் தொடவில்லை.

குலுக்கல் அன்று ஃபோனில் நம்பர் பார்த்தார். அடிக்கவில்லை. மற்ற வருஷங்களில் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கிவைத்திருப்பார். கடைசி எண் ஒன்று தப்பிப்போனதற்கு ஏஜென்ட்டைத் திட்டுவார். அன்றைக்கு சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "ஆண்டவரு நல்லவரு," என்றார். நான் அடுக்களையில் நின்று அதைக் கேட்டேன். கையில் இருந்த கரண்டியை எறியலாம்போல இருந்தது. எறியவில்லை, குழம்பைக் கிண்டினேன்.

இந்த ஓணம் வந்தது. அவர் பஸ் ஏறவில்லை. எல்லோரும் போய்வந்துகொண்டிருந்தார்கள். நாலைந்து நாள் பார்த்துவிட்டு நானே கேட்டேன்.

"சீட்டு எடுக்கலியா?"

"அது பாவம்லா. போதகரு சொன்னாருல்லா."

போதகர் வருஷாவருஷம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். இவருக்கு இந்த வருஷம்தான் காது கேட்டிருக்கிறது. கோபுரத்தில் மணிக்கூண்டு வேண்டாம், தங்கை மகனுக்கு கனடா வேண்டாம், பெற்ற தாய்க்கு கிரானைட்டும் வேண்டாம். எனக்கு ஒரு சின்ன வீடு கிடைத்துவிடக் கூடாது, அது போதும் அவருக்கு. அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வருத்தமும் இருந்தது, ஆனால் ஆத்திரம்தான் அதிகம்.

நானே போய் ஒரு சீட்டு எடுக்கலாம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு கூட கிடையாது. ஆனால் சீட்டு அடிக்கும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஏன் என்ற அடுத்த கேள்வியையும் கேட்பார் என்று காத்திருந்தேன்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஓர் அறை, ஓர் அடுக்களை, உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் பஸ் ஏறி வர வேண்டும். வெளியே நின்று தட்டி, "உள்ள வரட்டா?" என்று என்னைக் கேட்க வேண்டும். நான் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்து, வாருங்கள் என்பேன். நான் மனசில் கட்டிய வீட்டில் அவருக்கும் சேர்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமைச் சோறு வெந்துகொண்டிருந்தது.