அமலி அக்காவின் அவசரப் பெட்டி

அந்தச் செய்தி வந்தபோது ஆபீஸில்தான் இருந்தேன். செய்தி அமலி அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குழுவில், காலையில், முதல் லாரி எடை மேடையில் ஏறிக்கொண்டிருந்தபோது. "அம்மா விடியற்காலையில இறந்துட்டாங்க. சாயந்தரம் அடக்கம்." மகள் அனுப்பியிருந்தாள். மேலே அக்காவின் படம். கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சிரிக்கிற படம். அதைப் பார்த்துக்கொண்டே லாரியின் எடையைத் தட்டச்சு செய்தேன். எண்கள் பிழையில்லாமல் வந்தன. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வரி: அமலோற்பவ மேரி, ஏலாக்குறிச்சிப் பக்கம், அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை பார்த்துச் சீட்டுப் போடும் எங்கள் ஆபீஸில் பில் எழுதியவர். அங்கே பெண்கள் என்றால் அவரும் நானும்தான். சில மாதங்களாக உடம்பு முடியாமல் விடுப்பில் இருந்தார். திரும்பி வருவார் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவரும்தான்.

அடக்கம் முடிந்து திருமானூரில் பஸ்ஸுக்கு நின்றோம். மேலாளர் சிதம்பரம் சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அமலியோட அந்த அவசரப் பெட்டியை என்னம்மா பண்றது?"

மறுநாள் என் மேசையில் ஒரு சின்னப் பூட்டு இருந்தது. புதிது. சாவியோடு.

"இனிமே உன் பொறுப்பு. பூட்டி வெச்சுக்க. வேணும்கிறவன் உன்கிட்ட கேட்டு வாங்கிக்கட்டும்" என்றார் சார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பெட்டியிலிருந்து பொருள்கள் காணாமல் போகும், அது உண்மை. ஆனால் பூட்டினால் அது வேறு பெட்டி. பூட்டாவிட்டால் போனதற்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டும். பூட்டை மேசை இழுப்பறையில் போட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல.

நான் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். சேர்ந்த முதல் மாதம். நடுப்பகலில், எதிர்பார்க்காத நாளில், வயிற்றுக்குள் அந்த வலி. ஆபீஸ் முழுக்க ஆண்கள். அக்காவோ எதிரில் உட்கார்ந்து ஒரு டிரைவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போனேன். தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், ஸ்டூல்மேல், ஒரு தகரப் பெட்டி. மூடியில் பெயிண்டால் எழுதியிருந்தது: அவசரத்துக்கு. கேட்க வேண்டாம்.

திறந்தேன். பஞ்சுக்கும் பிளாஸ்டருக்கும் அடியில், செய்தித்தாளில் சுற்றி, எனக்கு வேண்டியது இருந்தது. கூடவே ஒரு ஊக்கு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நாள் அதே இடத்தில் வேறொன்று, அதேபோல் சுற்றி.

வெகு நாள் கழித்து அவரிடம் கேட்டேன். "அன்னைக்கு எடுத்தது நான்தான்னு தெரியுமாக்கா?"

"தெரிஞ்சுக்கறதுக்கா பெட்டி வெச்சிருக்கேன்?" என்றார். தயிர்சாதத்தை உருட்டிக்கொண்டே.

பெட்டிக்குப் பொருள்களை அவர் சேர்த்த விதம் விநோதமானது. முதலுதவிப் பெட்டி என்று கடையில் விற்பதை வாங்கவில்லை. ஆபீஸில் ஒவ்வொருவரிடமும் போய், "திடீர்னு வூட்டுக்குப் போக முடியாம இங்கேயே மாட்டிக்கிட்டா உனக்கு எது இல்லாம முடியாது? அதைக் கொண்டா" என்று கேட்டாராம். கணக்கர் தலைவலித் தைலம் கொடுத்தார். ஒருவர் ரப்பர் செருப்பு. சிதம்பரம் சார் நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு சீப்பைக் கொடுத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, வாங்கி வைத்தார். "அவசரம் ஆளுக்கு ஆள் வேற."

என் முறைக்கு நான் போன் சார்ஜர் கொடுத்தேன். அதற்கு மட்டும் சிரித்தார். "ஊரே முங்குனாலும் இது பிளக்கு தேடும்."

ஒரு விபத்துக்குப் பிறகு ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறியல். லாரிகள் நின்றன, பஸ்களும் நின்றன. மதியத்திலிருந்து இருட்டும் நேரம்வரை ஆபீஸில் அடைபட்டுக் கிடந்தோம். அக்கா பெட்டியிலிருந்து பொரியும் கடலை மிட்டாயும் எடுத்துத் தாளில் கொட்டினார். கீழே நின்ற லாரி டிரைவர்களையும் கூப்பிட்டார். சிதம்பரம் சாருக்குச் சர்க்கரை வியாதி. அவர் கை மிட்டாய் பக்கம் போனதும், "சார், அது அவசரத்துக்கு. உங்களுக்கு அவசரம் வந்தா நானே ஊட்டி வுடுறேன்" என்றார். சார்தான் முதலில் சிரித்தார். அன்று நான் வீட்டை நினைக்கவே இல்லை.

அவருக்கு வைத்தியம் எதுவும் தெரியாது. இதையும் சொல்ல வேண்டும். ரத்தம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "பெட்டி வைக்கிறதோட எஞ்சோலி முடிஞ்சுது. கட்டுப் போடுறது தைரியம் இருக்கிறவங்க வேலை."

ஓர் ஆயுத பூசை. கம்ப்யூட்டர், பில் புத்தகங்கள், எடை மேடை, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும்தானா? எம்பெட்டிக்கும் வைங்க சார்." வைத்தார்கள். பூவும் போட்டார்கள். கற்பூரம் காட்டினார்கள். பிறகு வாசலில் திருஷ்டிப் பூசணி. டிரைவர் செல்வம் அதில் குங்குமம் நிரப்பக் கத்தியால் துளை போட்டார். கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கியது. முதலில் எல்லோரும் குங்குமம் என்றே நினைத்தோம்.

பெட்டி பூசையில் இருந்தது. பூசையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுப்பார்கள். யாரும் அசையவில்லை. செல்வம்கூட, "பரவால்லீங்க, துணியச் சுத்திக்கிறேன்" என்றார். துணி நனைந்துகொண்டிருந்தது.

"சார்?" என்றார் அக்கா.

"பூசையில வெச்சதும்மா..." என்று இழுத்தார் சார்.

"நல்லா வேலை செய்யணும்னுதானே சார் பூசை போட்டோம். வேலை வந்துருச்சு."

பூவை ஒதுக்கிவைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தார். தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, செல்வம் இருக்கும் திசையில் குத்துமதிப்பாகக் கொடுத்தார். கணக்கர் வாங்கிக் கட்டுப் போட்டார். மறு வருடம் பூசைக்குச் சாமான்களை எடுத்து வைத்தபோது சிதம்பரம் சாரே, "பெட்டியைக் கடைசியா வைங்க. எடுக்க வசதியா, ஓரமா" என்றார். இப்போது எங்கள் ஆபீஸ் வழக்கம் அது.

அவரைப் புனிதராக்கிவிடக் கூடாது. பெட்டியிலிருந்த டார்ச் காணாமல் போன அன்று காலையிலிருந்து மாலைவரை திட்டினார். "எடுத்தவன் வூட்டுல கரண்டே வராம போவ." ஆபீஸில் எல்லோர் முகத்தையும் பார்த்து, தனித்தனியாக, ஒருமுறை. அப்போதும் சார் பூட்டச் சொன்னார். அக்கா பூட்டவில்லை. அடுத்த நாள் பெட்டியில் வேறு டார்ச் இருந்தது.

இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பூட்டு என் இழுப்பறையில் கிடந்த நாட்களில். அவருக்கு மனிதர்கள்மேல் பெரிய நம்பிக்கை ஏதும் இருக்கவில்லை. எடுப்பார்கள் என்று தெரியும். கோபம் வரும். கோபத்தையும் பெட்டியையும் தனித்தனியாக வைத்திருந்தார், அவ்வளவுதான்.

இன்று காலை சார் கேட்டார். "என்னம்மா, பூட்டிட்டியா?"

"இல்ல சார். பூட்ட வேண்டாம்."

"காணாமப் போனா?"

"போகும் சார். திரும்ப வாங்கி வெச்சிடறேன்."

"என்கிட்ட கேட்டா நான் தரமாட்டேனா? உன்கிட்ட கேட்டா நீ தரமாட்டியா? கேக்குறதுல என்ன இருக்கு?"

"கேக்க முடியாத ஆளுக்குத்தான் சார் அந்தப் பெட்டி. நானே ஒரு தடவ எடுத்திருக்கேன். உங்ககிட்ட கேட்டிருக்க மாட்டேன். அக்காகிட்டயும் கேட்டிருக்க மாட்டேன்."

எதை எடுத்தாய் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே ஒரு லாரி பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இவ்வளவு பேசுவியா?" என்றார். பூட்டைக் கொடு என்று கையை நீட்டினார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது இதுதான்: யாருக்கு என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டு, திரும்பி வந்து வேலையைப் பார்ப்பது. எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. மூடி திறக்கும் சத்தம் கேட்டால் தலை தானாக நிமிர்கிறது.

மதியம் சாப்பிட்ட பிறகு பெட்டியிலிருந்த மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் தேதி பார்த்தேன். தேதி முடிந்தவற்றை எடுத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன்.