துருவென்று நினைத்த மூன்று புள்ளிகள்

யுத்த காலத்தில் புது இரும்பு கிடைப்பது அரிதாக இருந்தது. அப்போது திண்டிவனத்தில் நான் பழைய கோடாலிகளை வாங்கி, துரு நீக்கி, புதுப் பிடி போட்டு விற்றுக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டிச் சந்தையில் கனமான கோடாலி ஒன்று கிடைத்தது. அதன் ஒரு பக்கத்தில் மூன்று சிறு குழிகள் இருந்தன. துரு அரித்ததென்று எண்ணி, அரத்தால் அராவி வழவழப்பாக்கிவிட்டேன்.

மறுவாரம் கெடாரிலிருந்து ஓர் அம்மாள் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"என் வூட்டுக்காரரு கோடாலிங்க. அவரு நோவுல படுத்துக்கினு இருந்தப்ப விக்கிரவாண்டி சந்தையில வித்துட்டேன். இப்ப அவரும் இல்ல. அடையாளத்துக்கு மூணு புள்ளி அடிச்சி வச்சிருந்தாரு."

கோடாலியை எடுத்து நீட்டினேன்.

"இதுதாம்மா. புள்ளிய துருன்னு நெனச்சி நான்தான் அராவிட்டேன். சும்மாவே எடுத்துக்கினு போங்க."

அவர் அதை மடியில் வைத்து, இரு பக்கமும் விரலால் தடவித் தடவித் தேடினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அலையறத பாத்து பாவப்பட்டு சொல்றீங்க. அடுத்தவங்க பொருளு எனக்கு எதுக்குங்க? அவரோடதுதான் வேணும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை. கோடாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

நான் சொன்னது முழு உண்மை. ஆனாலும் அவரை நம்பவைக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அவர் வெறுங்கையோடு அடுத்த கடையில் போய் விசாரித்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.